சண்முகப்பிரியா பேரில் ஒரு வீடு

சோமனூரில் தறிச் சத்தம் கொஞ்சம் அடங்குகிற கடைக்கோடி வீதியில், பச்சைக் கேட்டு போட்ட ஓர் ஓட்டு வீடு இருக்கிறது. யாரிடம் வழி கேட்டாலும் "ராசப்பன் ஊடுங்களா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அந்த வீட்டுக்கு ராசப்பன் ஒரு செங்கல்கூட எடுத்து வைத்தவனில்லை. சேர்ந்தாற்போல நாலு நாள் அங்கே படுத்து எழுந்தவனும் இல்லை. மனை வாங்கியது, கட்டியது, வருஷா வருஷம் வரி கட்டுவது எல்லாம் அவனுடைய அக்காள் சண்முகப்பிரியா. பத்திரமும் அவள் பேரில்தான் இருக்கிறது. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இதில் அவளுடைய தப்பும் கொஞ்சம் உண்டு. வீடு முடிந்து பால் காய்ச்ச நாள் குறித்தபோது, "மணையில உக்காரப்போறது யாருங்க?" என்று ஐயர் கேட்டார். கல்யாணம் ஆகாதவள் தனியாக உட்காரக் கூடாது. அம்மா நாச்சியம்மாளை உட்கார வைக்கலாமென்றால் அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷமாகியிருந்தது. புதுமனையில் ஜோடியாக உட்கார்ந்தால்தான் உண்டு. ராசப்பனுக்கு அப்போது கல்யாணமான புதிது. "தம்பியும் எழிலும் உக்காந்துக்கட்டும், நம்மூட்டுப் பசங்கதானே" என்றாள் அம்மா. சண்முகப்பிரியாவும் சரியென்றாள். சரியென்றதோடு நின்றாளா? கூச்சப்பட்ட தம்பிக்குப் பட்டுவேட்டி எடுத்துக் கொடுத்து, கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைத்ததே அவள்தான். பத்திரிகையிலும் அவர்கள் பேரையே போடச் சொன்னாள். ஓமப் புகையில் தம்பியும் அவன் மனைவியும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரி பின்பக்கம் பந்திக்கு இலை போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் எல்லாம் ராசப்பன் கையைப் பிடித்து, "நல்லா கட்டியிருக்கறே கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவளுடைய கதையைச் சொல்வதென்றால் பஸ்ஸில் ஆரம்பித்துப் பஸ்ஸிலேயே முடித்துவிடலாம். அப்பா சொந்தத் தறி போட்டுக் கூலிக்கு நெய்து கொடுத்தவர். மார்வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அப்போது அவள் லேப் டெக்னீஷியன் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். தறிகளை விற்றார்கள். கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். அன்றிலிருந்து விடிந்தும் விடியாமலும் ஒரு பஸ், பொழுது சாய்ந்தபின் ஒரு பஸ். நடுவில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. "ஒண்ணுமில்லீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று ஊசிக்குப் பயந்தவர்களிடம் சொல்லிச் சொல்லி, அந்தப் பேச்சே அவளுக்குப் புளித்துப் போய்விட்டது. ராத்திரி கால் வீக்கத்துக்கு உப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு டி.வி. பார்ப்பாள். பாதியில் தூங்கிவிடுவாள்.

பெண் பார்க்க வந்தவர்களும் வராமல் இல்லை. வந்தார்கள், இனிப்பும் காரமும் சாப்பிட்டார்கள், "ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்பறோமுங்க" என்றார்கள். சிலருக்கு ஜாதகம் ஒத்துவரவில்லை. சிலருக்கு அப்பா இல்லாத வீட்டில் சீர் யார் செய்வார்கள் என்ற கவலை. தம்பிக்கு வயசாகிக்கொண்டே போகிறது என்று அவனுக்கு முதலில் செய்து வைத்தாள். அக்காளைத் தாண்டித் தம்பிக்கு ஆனபிறகு, அவளைக் கேட்டு வருவது தானாக நின்றுபோனது. அப்புறம்தான் வீடு. வாடகை வீடு மாறி மாறி அம்மா நொந்து போயிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, "இங்கிருந்தும் போகச் சொல்லுவாங்களா அம்மணி?" என்று கேட்பாள். காலி பண்ணுங்கள் என்று யாரும் சொல்ல முடியாத ஒரு வீட்டில் அம்மா கடைசி வரை இருக்க வேண்டும். சண்முகப்பிரியா அந்த வீட்டைக் கட்டியது இதற்காகத்தான், வேறு எந்தப் பெருமைக்காகவும் இல்லை.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். அந்த வரிசையிலேயே செய்தவர்கள் நம் பக்கத்தில் அநேகமாக அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். நாற்பத்தி நாலு வயசில், தலையில் பாதி நரைத்தபிறகு, திருமூர்த்தி வந்தார்.

அவர் ஆனைமலைக்காரர். கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொள்கிற வேலை. வாரம் முழுக்க ரூமில் தங்கிவிட்டு, சனிக்கிழமை உக்கடத்தில் பஸ் ஏறி ஊருக்குப் போவார். மனைவி காலமாகிவிட்டார். மகன் நிதீஷுக்குக் கல்யாணமாகிவிட்டது. சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர், ஒருநாள் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, எல்லாத்துக்கும் வலிக்காதுன்னு சொல்றீங்க. உங்களுக்குக் காலு வலிக்குமாட்ட இருக்குதே" என்றார். இத்தனை வருஷத்தில் அவளுடைய காலைப் பற்றிக் கேட்ட முதல் ஆள். அதற்கப்புறம் ஓர் உறவுக்காரர் மூலம் முறையாகக் கேட்டுவிட்டார். நாச்சியம்மாள் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். சண்முகப்பிரியாவுக்கு அழுகையும் வரவில்லை, பெரிய சந்தோஷமும் வரவில்லை. நெடுநேரம் நின்றவளுக்கு பஸ்ஸில் ஸீட் கிடைத்ததுபோல் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராசப்பன் வந்தான். அவன் கருமத்தம்பட்டியில் வாடகை வீட்டில் இருக்கிறான். நூல் கம்பெனியில் வேலை. காப்பி குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்காதீங்க. கல்யாணத்துக்கு முந்தி இந்த ஊட்டை எம்பட பேருக்கு எழுதி வெச்சுட்டா நல்லதுங்க்கா."

"ஏன் ராசு?"

"நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா… ஆகாது, ஒரு பேச்சுக்குச் சொல்றேன். ஊடு மாமாவுக்குப் போயிரும். அவருக்கப்பறம் அவரு பையனுக்கு. அப்பறம் அம்மா எங்க போவாங்க? பத்திரம் எழுதறவர்கிட்டக் கேட்டுப்போட்டுத்தான் வாரேன்." டம்ளரை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னான்: "எப்படியும் ஊருக்குள்ள இது நம்ம ஊடுன்னுதானுங்க்கா பேரு. நாங்கதானே மணையில உக்காந்தோம்."

அவன் வஞ்சகமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. மனசார நம்பித்தான் சொன்னான். சண்டைக்காரனாக இருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பாள். தூக்கி வளர்த்த தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு கேட்கிறபோது என்ன சொல்வது? யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டாள். அடுக்களைக் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "அவஞ் சொல்றதுலயும் நாயம் இருக்குது அம்மணி" என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

உக்கடத்துக்குப் பக்கத்தில் சாஜிதா பேகம் என்று ஒரு வக்கீலம்மா இருந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்து போன பழக்கம். டியூட்டி முடிந்து அவருடைய மாடி ஆபீஸுக்குப் படியேறினபோது சண்முகப்பிரியாவுக்கு மூச்சு வாங்கியது. வக்கீலம்மா முதலில் ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"கல்யாணம் பண்றதால உங்க வீடு ஒரு அடிகூட நகராதுங்க. நீங்க சம்பாதிச்சு உங்க பேர்ல வாங்கினது. தாலி ஏறினாலும் உங்களோடதுதான். விக்கறதுக்கும் குடுக்கறதுக்கும் யாரையும் கேக்க வேண்டியதில்ல. அவர் வீடு அவருக்கு, உங்க வீடு உங்களுக்கு."

"அப்பத் தம்பி சொன்னதுங்க?"

"அதுவும் நெசந்தான். நீங்க ஒண்ணும் எழுதி வெக்காமப் போயிட்டீங்கன்னா, உங்களுக்குக் கொழந்தைங்க இல்லாததால மொதல்ல உங்க புருஷனுக்கு. அவரும் இல்லேன்னா அவரோட வாரிசுங்களுக்கு. அவங்க யாருமே இல்லேன்னாத்தான் உங்கம்மா. இந்துப் பொண்ணுங்களுக்குச் சட்டம் அப்படித்தான் இருக்கு."

சண்முகப்பிரியா அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். யாருக்காகக் கட்டினாளோ அந்த அம்மா வரிசையில் கடைசியில் நிற்கிறாள். அவளுக்கு முன்னால், இனிமேல்தான் முகம் பார்க்கப் போகிற ஆனைமலைச் சொந்தமெல்லாம் நிற்கிறது. கோபம் வந்தது. ஆனால் அந்த நேரத்தில் கோபப்படுவதற்கு உடம்பில் தெம்பு இல்லை.

"அதுக்காகத் தம்பிக்கு எழுதணும்னு இல்லீங்க" என்றார் வக்கீலம்மா. "எழுதிட்டீங்கன்னா அன்னைக்கே அது அவரோட வீடு. உயில் எழுதுங்க. இருக்கறவரைக்கும் உங்களுது. உங்களுக்கப்பறம் அம்மாவுக்குன்னு போட்டுடலாம்."

மறுநாள் ஆஸ்பத்திரி கேண்டீனில் திருமூர்த்தியிடம் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் உயிலைப் பற்றிப் பேசுகிற பொண்ணு என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்துகொண்டே சொன்னாள். அவர் மோர் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"உங்க தம்பியாவது பரவால்லீங்க. ஆனைமலை ஊடு எம்பட சம்சாரம் பேர்ல வாங்குனது. பொம்பள பேர்ல இருந்தா அம்சமா இருக்கும்னு நாந்தான் ஆசப்பட்டு ரிஜிஸ்டர் பண்ணுனேன். அவ போனப்பறம் பாதி எனக்கு, பாதி பையனுக்குன்னாங்க. உங்களைக் கட்டப்போறேன்னு சொன்னதும், அம்மா ஊட்டுல இன்னொருத்தருக்குப் பங்கு வந்துரக் கூடாதுன்னு நிதீஷு எம்பட பாதியையும் கேட்டான். எழுதிக் குடுத்துப்போட்டேன்."

"வருத்தமுங்களா?"

"பையன் நல்லாத்தான் பாத்துக்கறான், ஒண்ணும் சொல்றதில்லீங்க. போன ஞாயித்துக்கெழமை இன்னொரு டீ குடிக்கலாமாட்ட இருந்துச்சு. கேக்கறதுக்கு வாய் வல்ல. எந்திரிச்சுப் போய் பேக்கரியில குடிச்சேன். இருவது வருசம் நானிருந்த ஊடுங்க அது." மிச்ச மோரைக் குடித்து முடித்தார். "நீங்க யாருக்கும் எழுதாதீங்க. உயில்ல சாட்சி வேணும்னா நான் போடறேன். எனக்கு அந்த ஊடு வேண்டாமுங்க."

அவ்வளவு நாளும் அவரைக் கட்டிக்கொள்வது சரியா என்று அவளுக்குள் ஒரு ஓரத்தில் குடைச்சல் இருந்தது. அன்றைக்கு அது போனது.

உயில் எழுதியாயிற்று. சாட்சியாகத் திருமூர்த்தி ஒரு கையெழுத்தும், வக்கீலம்மாவின் குமாஸ்தா ஒரு கையெழுத்தும் போட்டார்கள். வீட்டை எழுதித் தர முடியாது என்று தம்பியிடம் போனில் சொன்னாள். அவன் கத்தவில்லை. "சரிங்க்கா, உங்க இஷ்டம்" என்றான். கத்தியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கோயிலில் வைத்து, கூட்டமில்லாமல் கல்யாணம் நடந்தது. ராசப்பன் வந்தான், பொண்ணுக்குக் கூடப்பிறந்தவன் செய்ய வேண்டிய சீரையெல்லாம் ஒன்று குறையாமல் செய்தான். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான். சொல்லிக்கொண்டு போனான். அக்காளின் முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

திருமூர்த்திக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. சண்முகப்பிரியாவுக்கு அம்மாவை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போக மனசில்லை. ஆகவே இரண்டு பேரும் அங்கேயே இருப்பது என்று ஏற்பாடு. ஊட்டோட மாப்பிள்ளை என்று தெருவில் கேலி பேசினார்கள். அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்கிற ஆளில்லை. வந்த வாரமே ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரி பண்ணினார்.

நாச்சியம்மாள்தான் மாறிப்போனாள். கல்யாணத்துக்கு மறுநாள் காலையிலிருந்தே ஹாலில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளை வருகிற சத்தம் கேட்டால் டி.வி.யை அணைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவர் சாப்பிடாமல் தான் சாப்பிடுவதில்லை. தன் கட்டிலை விட்டுவிட்டு அடுக்களையில் பாயை விரித்துக்கொண்டாள். "அத்தைங்க, எதுக்குங்க இதெல்லாம்?" என்று திருமூர்த்தி கேட்டால், "பரவால்லீங்க மாப்பிள்ளைங்க" என்று சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொள்வாள். ஒருநாள் சண்முகப்பிரியா வேலையிலிருந்து வந்தபோது, இரண்டு பைகளைக் கட்டி வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி வரான். அவங்கூடப் போறேன் அம்மணி."

"ஏம்மா? நானோ அவங்களோ ஏதாவது சொன்னமா?"

"மாப்பிள்ளைங்க தங்கம். ஒரு கொறையும் சொல்ல முடியாது. ஆனா நேத்து வரைக்கும் இது எம்பட மக ஊடு. இப்ப மாப்பிள்ளைங்க ஊடு. மாப்பிள்ளை ஊட்டுல மாமியா ஒக்காந்து திங்கறான்னு நாலு பேரு பேசுனா, உனக்குத்தான் அசிங்கம்."

"அம்மா, இது எம்பட ஊடு. கல்யாணம் ஆனாலும் எம்படதுதான்னு வக்கீலம்மா சொன்னாங்க. உங்க மாப்பிள்ளையே அது வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. நான் இல்லாமப் போனாலும் உங்களுக்குத்தான்னு எழுதி வெச்சிருக்கறேன்." பீரோவைத் திறந்து உயிலை எடுத்து வந்து காட்டினாள். அதுவரை அம்மாவிடம் அதைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. சந்தோஷப்படுவாள் என்று நினைத்துத்தான் காட்டினாள்.

நாச்சியம்மாள் அதைக் கையில் வாங்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ செத்தா எனக்குன்னு எழுதியிருக்கறயா? இத்தன வருசங் கழிச்சுக் கழுத்துல தாலி ஏறுற நேரத்துல, இதை எழுதப் போனயா சாமி? நீ போனப்பறம் எனக்கு எதுக்கு ஊடு?"

சண்முகப்பிரியா உயிலைத் திரும்ப மடித்தாள். சட்டத்தில் இருந்த ஓட்டையை எல்லாம் அடைத்துவிட்டதாக நினைத்திருந்தாள். அம்மாவை வெளியே அனுப்பியது சட்டமில்லை. தன் கழுத்தில் ஏறிய தாலி எந்தப் பத்திரமும் இல்லாமல் வீட்டைக் கைமாற்றிவிட்டது. அதை அம்மாவின் மனசில் திருத்தி எழுத எந்த வக்கீலாலும் ஆகாது. வாசலில் ராசப்பனின் வண்டிச் சத்தம் கேட்டது. அம்மா பைகளை எடுத்துக்கொண்டு போனாள். மறுபடியும் ஒரு வாடகை வீட்டுக்கு, வீட்டுக்காரர் சொன்னால் காலி செய்ய வேண்டிய இடத்துக்குப் போனாள். அன்று ராத்திரி சமைக்கவில்லை. திருமூர்த்தி கடையில் இட்லி வாங்கி வந்து தட்டில் வைத்தார்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள். கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வராமல், வெளியில் நின்று காலிங் பெல்லை அடித்தாள். கையில் ஒரு பையில் ஆப்பிளும் பிஸ்கட்டும் இருந்தன, ஒறம்பரையாக, விருந்தாளியாக ஒரு வீட்டுக்குப் போகிறவர்கள் வாங்கிக்கொண்டு போவதுபோல. ஹாலில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபிறகுதான் குடித்தாள். எழிலுக்கு முட்டிவலி, பேரன் பள்ளிக்கூடம், கருமத்தம்பட்டியில் தண்ணீர் வராதது என்று பொதுவாகப் பேசினாள். அடுக்களைப் பக்கம் ஒரு தடவை கண் போனது, கால் போகவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னதற்கு, பொழுது போயிரும் என்றாள். சண்முகப்பிரியா எதிரே உட்கார்ந்து, ரொம்ப தூரத்து உறவு ஒருத்தியிடம் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தாள்.

எழுந்திருக்கும்போது அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மணி, மாப்பிள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை கேளு. பொறக்கடையில கறிவேப்பலை ரெண்டு கொத்து ஒடிச்சுக்கட்டுமா? அங்க கடையில வாங்கறது மணமே இல்ல."

அந்தக் கறிவேப்பிலைச் செடியை எங்கிருந்தோ கொண்டுவந்து, அரிசி களைந்த தண்ணீர் ஊற்றி மரமாக்கினவளே அவள்தான். உள்ளறையில் இருந்த திருமூர்த்திக்குக் கேட்டிருக்க வேண்டும். "அத்தைங்க, இது உங்க ஊடுங்க, போய் ஒடிங்க" என்று அங்கிருந்தே சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள், சிரித்தாள். ஆனால் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. மகள் முறையாகக் கேட்டு, அவர் முறையாகச் சரியென்று சொல்லாமல் அவள் போக மாட்டாள்.

சண்முகப்பிரியாவுக்கு வாதாடவேண்டும்போல் இருந்தது. யாரோடு வாதாடுவது? அறை வாசலுக்குப் போய் நின்றாள்.

"ஏனுங்க, அம்மா கொஞ்சம் கறிவேப்பலை ஒடிச்சுக்கலாமுங்களா?"

திருமூர்த்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய வீட்டில், அவளுடைய மரத்துக்கு, அவளே வந்து நின்று கேட்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது.

"ஒடிச்சுக்கச் சொல்லு" என்றார்.

அப்புறம்தான் நாச்சியம்மாள் பின்பக்கம் போனாள்.